நத்தைக்குள் வாழும் புழுவுக்கு ஒரு பெயர்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீ நலம் என்று நீயே எழுதியிருக்கிறாய், நம்பித்தான் ஆக வேண்டும். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம், போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். பேசலாம். ஆனால் நான் உன்னோடு பேச ஆரம்பித்ததும் அம்மா பக்கத்து அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். இப்போது நான் சொல்லப்போவது அவள் காதில் விழ வேண்டாத சங்கதி.

முதலில் நீ கேட்ட நத்தைகள். பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால் ஓடுகிறதே ஓடை, அதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஒரு செருப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. கரையில் போன தத்துவத் துறைப் பேராசிரியர் நின்று, என்னம்மா தொலைச்சீங்க என்று கேட்டார். என் பொறுமையை என்றேன். மனிதர் அதை ஆழமாக யோசித்துக்கொண்டே போய்விட்டார். நீ சொன்ன மாதிரியே கல்லுக்கு அடியில் ஒட்டியிருந்தவற்றை மட்டும் பொறுக்கி, ஸ்பிரிட் நிரப்பிய சீசாக்களில் போட்டு, மெழுகால் மூடியிருக்கிறேன். நிலவியல் துறைத் தலைவர் ஒரு மாநாட்டுக்காக நீ இருக்கும் ஊருக்கு வருகிறார். அனுமதிக் கடிதம் எல்லாம் அவரே வாங்கிவிட்டார். அவர் பெட்டியில் பாதி கல், கூட நாலு நத்தை இருந்தால் அவருக்குப் பாரம் தெரியாது. எதற்கு உனக்கு இத்தனை நத்தை என்று நான் கேட்கவில்லை. அங்கே அருங்காட்சியகத்தில் உனக்குப் படியளப்பவர்கள் எதைக் கேட்டாலும் நீ தேடிக் கொடுக்கத்தானே வேண்டும்.

இனி இங்கத்துச் சேதி. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. அதனால் கட்டடங்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறார்கள். இத்தனை வருஷமாக நடைபாதையில் கிடந்த உடைந்த நாற்காலிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பதிப்புப் பிரிவுக்கு வந்த வேலை, 'துறைகளும் ஆய்வுச் சாதனைகளும்' என்று ஒரு பெரிய மலர். எல்லாப் புலங்களும் எல்லாத் துறைகளும் தாங்கள் கிழித்ததை எழுதிக் கொடுக்க வேண்டும், நான் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

இந்த வேலையில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நிலவியல் துறை போட்ட நிலத்தடி நீர் வரைபடத்தை வைத்துத்தான் இன்றைக்கு இந்த ஊரே தண்ணீர் குடிக்கிறது. வேதியியல் துறை சாயக் கழிவை வடிகட்ட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது, கேட்டால் ஆச்சரியப்படுவாய். மொழியியல்காரர்கள் பேச ஆளில்லாமல் போகிற ஒரு மொழிக்கு அகராதி முடித்துவிட்டு, அதைப் பற்றி அரைப் பக்கமும் தங்களுக்குள் நடந்த சண்டையைப் பற்றி மூன்று பக்கமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொருளாதாரத் துறை தன் கணிப்புகளில் பலித்தவற்றை மட்டும் அனுப்பியது. இடம் நிறைய மிச்சம். புள்ளியியல் துறைதான் பாவம், எல்லோருடைய ஆய்விலும் கணக்குப் போட்டுக் கொடுத்தது அவர்கள், ஒருவரும் அவர்கள் பெயரைப் போடவில்லை. பெரிதாகக் கட்டணம் வாங்காமல், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் படிக்க வைத்த இடம் இது. நீயும் நானும் இங்கேதான் ஆளானோம். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

எரிச்சல் எங்கே என்று உனக்குத் தெரியும். விலங்கியல் துறை. அதன் தலைவன், உன் பழைய வழிகாட்டி 'முதற்பெயர்'.

மரியாதை போட்டு எழுத என் கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். துறையிலிருந்து எந்தக் கட்டுரை வெளியே போனாலும் அவன் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் மாறவில்லை. மாணவர்கள் வைத்த 'முதற்பெயர்' என்ற பட்டப்பெயரும் மாறவில்லை. கட்டுரையைக் கொண்டுபோய் நீட்டினால் தன் பெயர் மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பானாம். இருந்தால் கையெழுத்து. உள்ளே பூனையைப் பற்றி எழுதியிருக்கிறதா யானையைப் பற்றியா என்று கேட்பதே இல்லையாம். உன்னோடு படித்து இப்போது அங்கேயே துணைப் பேராசிரியராக இருக்கிறானே ஆமாஞ்சாமி, அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவனுக்கு இந்த வருஷத்தோடு பணி ஓய்வு. புதிதாகக் கட்டியிருக்கும் உயிரியல் வளாகத்துக்கு அவன் பெயரை வைக்கப்போகிறார்கள். காரணம் என்ன தெரியுமா? ஓடை நத்தை! உலகத்தில் வேறெங்கும் இல்லாத நத்தையை நம் நூலகத்துப் பின்புறத்தில் கண்டுபிடித்த மேதையாம். அதை மலரின் முதல் சாதனையாக, முழுப் பக்கப் படத்தோடு போடச் சொல்லி எனக்கு உத்தரவு. அந்தப் படம் நீ வரைந்தது. காய்ச்சலோடு உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக நீ மை வைத்த படம். அவன் வெளியிட்ட கட்டுரையில் உனக்குக் கிடைத்தது கடைசி வரியில் ஒரு நன்றி, தொழில்நுட்ப உதவிக்காக. இது நியாயமா என்று நீ கேட்டதற்கு உன் ஆய்வேடு அவன் மேசை இழுப்பறையில் போய்ப் படுத்துக்கொண்டது. நீ பெட்டியைக் கட்டினாய். அந்த ஆள் அந்த நாற்காலியில் இருக்கும்வரை இந்த ஊரில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அம்மா தினமும் காலையில் செய்தித்தாளை எடுத்ததும் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் முதலில் விரிக்கிறாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, இன்னைக்கும் இல்ல என்று மடித்து வைக்கிறாள். நானாவது பரவாயில்லை, ஆள் சாக வேண்டாம், முகத்தில் கரி பூசினால் போதும் என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். நத்தைக்குள் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களைத்தான் இப்போது ஆராய்வதாகவும், புதிதாக ஒன்று கிடைத்தால் பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கே என்றும் முன்பு எழுதியிருந்தாய். நான் ஆமாஞ்சாமியிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அதை யாராலும் அழிக்க முடியாதாமே? ஆள் செத்தாலும் பெயர் நிற்குமாமே? அப்படியென்றால் உன்னிடம் இருப்பதிலேயே அருவருப்பான ஒரு புழுவைத் தேர்ந்தெடுத்து அவன் பெயரை வை. உலகம் உள்ளவரை குடலுக்குள் நெளியட்டும். முதல் பெயருக்குத்தானே அலைந்தான்!

கெஞ்சிக் கேட்கிறேன், இந்த ஒன்றை எனக்காகச் செய். நீ நல்லவள், எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் கெட்டவளாக இரு.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா


வியாழக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதில் வந்து பல மாதம் ஆகிவிட்டது. படித்ததும் கிழித்துப் போடலாம் என்று வந்தது, உன் கையெழுத்தாயிற்றே என்று விட்டேன். அதன்பிறகு எனக்குப் பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை.

என்ன எழுதியிருந்தாய்? புழு ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புழு கேவலம் இல்லை, மதிக்கும் ஆசிரியருக்கும் கட்டிய மனைவிக்கும்கூட அவர்கள் புழுவைத்தான் பரிசளிப்பார்கள், ஒருவரை அவமானப்படுத்தப் பெயர் வைப்பது தொழில் ஒழுக்கம் இல்லை. மூன்று வரியில் பாடம் நடத்திவிட்டுக் கீழே, கொஞ்சம் பொறு அக்கா என்று ஒரு வாலைச் சேர்த்திருந்தாய். நான் பொறுக்காமல் என்ன செய்துகொண்டிருக்கிறேனாம்? உன்னைப் பெற்றபோது அம்மா உப்பில்லாமல் சாப்பிட்டாளோ என்னவோ.

பொறுத்துப் பொறுத்து இங்கே என்ன ஆனது என்று கேள். குழு வருவது தள்ளிப்போனது. குழுவுக்குத் துறையை எடுத்துக்காட்ட ஆள் வேண்டுமே என்று முதற்பெயருக்குப் பணி நீட்டிப்புக் கொடுத்துவிட்டார்கள். வளாகத்து வாசலில் கருங்கல்லில் அவன் பெயரைப் பொறித்துத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். தினமும் அந்த வழியாகத்தான் நான் அலுவலகத்துக்குப் போகிறேன். துணி காற்றில் தூக்கும்போதெல்லாம் அவன் பெயரின் முதல் எழுத்து என்னைப் பார்க்கிறது.

மலருக்கு அவன் கொடுத்த பக்கங்களில் 'ஈடு இணையற்ற', 'உலகமே வியக்கும்' என்றெல்லாம் இருந்ததை நான் வெட்டினேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்த பழிவாங்கல். அதற்கும் வேட்டு வைத்துவிட்டான். பதிவாளரிடம் போய் ஒரு சுற்றறிக்கை வாங்கி வந்தான். துறைத் தலைவர் கையெழுத்திட்டுக் கொடுப்பதில் பதிப்புப் பிரிவு ஓர் எழுத்தையும் கூட்டவோ குறைக்கவோ கூடாதாம். என் மேசைமேல் அதைப் போட்டுவிட்டு, அம்மா, நீங்க எழுத்துப் பிழை மட்டும் பாருங்க, அறிவியலை நாங்க பாத்துக்கறோம் என்றான். நான் சரிங்க சார் என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

ஆமாஞ்சாமியும் பாவம்தான். நீர்வண்டுகளைப் பற்றி அவன் ராப்பகலாக உழைத்து எழுதிய கட்டுரை வெளியாகியிருக்கிறது. அதில் அவன் பெயர் மூன்றாவது. முதலாவது யார் என்று சொல்ல வேண்டாம். இரண்டாவது முதற்பெயரின் மருமகன், அவனுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஜலதோஷம். நீ எதிர்த்துக் கேட்டுவிட்டாவது போனாய், இவன் கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. என் அறைக்கு வந்து தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிடுவான்.

கடிதத்தை இதோடு முடித்து, கோபமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று எடுத்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை. அதற்குள் உன் உறை வந்துவிட்டது. அதனால் இதன் கீழேயே தொடர்கிறேன்.

அடி கல்லுளிமங்கி!

அச்சிட்ட கட்டுரையைப் பிரித்ததும் தலைப்பைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. புதிய தட்டைப்புழு ஒன்று, அது வாழ்வது ஓடை நத்தையின் உடலுக்குள். நம் ஓடை நத்தை, நான் செருப்பைப் பறிகொடுத்துப் பொறுக்கிய நத்தை! அதற்கப்புறம் புழுவின் பெயரைப் பார்த்தேன். அவன் பெயர். நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

இந்தப் புழு நத்தையைக் கொல்லாது, உள்ளே இருந்து தின்றுகொண்டே இருக்கும், நத்தை நன்றாகத்தான் நடமாடும், ஆனால் அதற்கு வம்சம் மட்டும் இருக்காது என்று நீ எழுதியிருப்பதைப் படித்தபோது, அந்தத் துறையில் படித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் என்னை உட்காரவைத்தது அதுவல்ல, 'பெயர்க் காரணம்' என்று நடுவில் சின்னதாக ஒரு பத்தி போட்டிருக்கிறாயே, அதுதான். திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன், இப்போது எனக்கு மனப்பாடம்:

'இப்புழுவுக்கு, இது வாழும் நத்தையோடு தொடர்புடைய பேராசிரியரின் பெயர் சூட்டப்படுகிறது. அந்த நத்தையை இக்கட்டுரையின் ஆசிரியர் தம் மாணவப் பருவத்தில் முதன்முதலாகக் கண்டெடுத்து, விவரித்து, வரைந்து அவரிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு அவர் அதைத் தம் பெயரில் வெளியிட்டார். அச்செயல் நினைவில் நிற்கும் பொருட்டு இப்பெயர்.'

ஒரு வசவு இல்லை, ஒரு கூடுதல் சொல் இல்லை. வெறும் நடந்தது. நான் என்னமோ குடலுக்குள் நெளியட்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். நீ அங்கே உட்கார்ந்து எத்தனை நாளாக இதை நெய்தாய்? எனக்கு ஒழுக்கப் பாடம் நடத்திய அந்தக் கடிதத்தை எழுதும்போதும் இது உன் மேசையில்தான் இருந்ததா? உன்னை நல்லவள் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன்னைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. பயத்தோடு சேர்ந்து அப்படி ஒரு பெருமை.

அவனுக்கும் மரியாதையாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன் என்று குறிப்பு எழுதியிருக்கிறாய். கிடைத்துவிட்டது. இன்று காலை பதிவாளர் அலுவலக வராந்தாவில் அவனைப் பார்த்தேன். கையில் உன் கட்டுரை. வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் என் பேர்ல ஒரு உயிரினமே இருக்கு என்று எதிரே வந்த எல்லோரையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னையும் நிறுத்தினான். உங்க தங்கச்சிக்குப் பெரிய மனசும்மா, பழசையெல்லாம் மறந்துட்டா பாருங்க என்றான். பெயரை மட்டும்தான் பார்த்திருக்கிறான்! காரணத்தைப் பார்க்கவில்லை! நான் சரிங்க சார் என்றேன். இந்த முறை அதைச் சொல்லும்போது வாய் இனித்தது.

மலரில் நத்தைக்கும் மேலே இதைப் போட வேண்டுமாம், பெயர்க் காரணம் என்றால் தன் புகழ்தான் என்ற நம்பிக்கையில் அந்தப் பத்தியை முழுசாகவே போட வேண்டுமாம். திங்கட்கிழமை கையெழுத்திட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். சுற்றறிக்கை என் மேசையில்தான் இருக்கிறது. நான் ஓர் எழுத்தையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நடந்த பிறகு சொல்கிறேன். நீ அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன் வாயடைத்துப்போன அக்கா


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

நடந்துவிட்டது. போனில் இரண்டு வரி சொன்னதும் நீ ம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். விவரமாக எழுதினால்தான் எனக்கு ஆறும்.

குழுவில் வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். தலைவர் ஓர் அம்மாள், வேதியியல்காரர், குரலே எழும்பாது. பெரிய அரங்கில் துறைத் தலைவர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தங்கள் பக்கத்தை வாசித்தார்கள். பின்னால் திரையில் அதே எழுத்துகள் பெரிதாக ஓடின. நான் பதிப்புப் பிரிவுக்காரி என்பதால் மலர்க் கட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நிலவியல் நன்றாகப் போனது. மொழியியல்காரர்கள் மேடையிலும் சண்டை போட்டார்கள். பொருளாதாரத்துக்குப் பாதிப் பேர் தூங்கினார்கள்.

விலங்கியல் முறை வந்தது. முதற்பெயர் புதுக் கோட்டுப் போட்டிருந்தான். முன்னுரையெல்லாம் முடிந்து, என் எளிய வாழ்க்கைக்குக் கிடைத்த சர்வதேச அங்கீகாரம் என்று ஒரு பீடிகை போட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்தான். முதல் வாக்கியம் கணீரென்று வந்தது. இரண்டாவதையும் அதே கணீரில்தான் ஆரம்பித்தான், மாணவப் பருவத்தில் என்ற இடத்தில் குரல் லேசாகத் தட்டியது. ஆனால் திரையில் முழுசும் இருக்கிறது, எல்லோரும் கூடவே படித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே நிறுத்துவது? மூன்றாவது வாக்கியத்தை ஏதோ வேறு யாருடைய வாயிலோ இருந்து வருகிற மாதிரி வாசித்தான். கடைசி வாக்கியத்துக்கு வாய் மட்டும் அசைந்தது.

நான் அவனைப் பார்க்கவில்லை, விலங்கியல் துறை உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரும் முன்னாலேயே படித்திருக்கிறார்கள்! திரைக்கு அதைத் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், கோப்பை எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கியவர் என்று அத்தனை பேரும். ஒருவராவது, சார், இதை ஒருதரம் பாருங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் பார்.

குழுத் தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார், அப்ப அந்த நத்தையைக் கண்டுபிடிச்சது யாருங்க? அவ்வளவுதான் கேள்வி. அவன், அந்தப் பொண்ணு என் மாணவிதான், என் வழிகாட்டுதல்லதான் எல்லாம் என்று இழுத்தான். அப்போது ஆமாஞ்சாமி எழுந்து நின்றான். எப்போதும் தலையை மட்டும் ஆட்டுகிற அந்தப் பிள்ளை. அவங்கதான் மேடம் கண்டுபிடிச்சாங்க, அன்னைக்கு நான் ஓடையில பக்கத்துல நின்னுட்டிருந்தேன், சார் அந்த ஓடைக்கு வந்ததே இல்ல என்றான். சொல்லிவிட்டு உட்காராமல், என் நீர்வண்டும் அப்படித்தான் மேடம் என்றான். அவன் பக்கத்தில் இருந்த பெண் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தர். யாரும் கத்தவில்லை, எழுந்து தங்கள் ஆய்வின் தலைப்பை மட்டும் சொன்னார்கள்.

முதற்பெயர் என் பக்கம் திரும்பினான். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. கையில் இருந்த மலர்களில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் இருந்த குழு உறுப்பினருக்கு நீட்டினேன், அதே பக்கத்தை விரித்து. இது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பரிசு. உனக்குப் பிடிக்காமல் போகலாம், போகட்டும்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அலுவலக சமாசாரம். பணி நீட்டிப்பை ரத்து செய்துவிட்டார்கள். துறையின் வெளியீடுகளை விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். உன் ஆய்வேட்டை மறுபடி எடுத்துப் பார்க்க உனக்கு முறையாக எழுதப்போகிறார்களாம். கல்லைத் துணியோடு பெயர்த்து எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். பதிவாளர் என்னைக் கூப்பிட்டு இதை எப்படி அச்சுக்கு விட்டீர்கள் என்று எகிறினார். நான் சுற்றறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்து, அறிவியலை அவங்க பாத்துக்கறதா சொன்னாங்க சார் என்றேன். என்னைப் பதிப்புப் பிரிவிலிருந்து கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய மலர்களும், காணாமல்போன அந்த உடைந்த நாற்காலிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்றின் உடைந்த காலுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேற்று அவன் தன் புத்தகங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூக்கிக் கொடுக்க ஒரு மாணவனும் வரவில்லை. பார்த்துக்கொண்டே தேநீரை முழுசாகக் குடித்தேன்.

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள். குரல் தட்டிய இடம் வந்ததும், அங்க நிறுத்து, எப்படித் தட்டுச்சு, அதைச் சொல்லு என்பாள். நானும் அவன் மாதிரியே வாசித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை, உன் அறையைத் திறந்தாள். மெத்தையை வெயிலில் போட்டாள், ஜன்னல் கம்பியைத் துடைத்தாள், உன் மேசையில் நான் அடுக்கியிருந்த என் புத்தகங்களையெல்லாம் எடுத்து என் கட்டிலில் போட்டாள். எதுக்கும்மா என்றேன். அந்த ஆள்தான் போயிட்டானே, இனி அவ வரலாமில்ல, எப்ப வர்றாளாம் என்று கேட்டாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்காகத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ ம் என்றாய்.

நான் ஒன்றும் குழந்தை இல்லை. உன் கடிதங்களில் இப்போதெல்லாம் 'நாங்கள்' என்று வருகிறது. நாங்கள் மேசை வாங்கினோம், நாங்கள் அடுத்த தெருவுக்கு வீடு மாறுகிறோம் என்று. யார் என்று நான் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் உன்னை நன்றாக வைத்திருந்தால் எனக்குப் போதும், கூட்டிக்கொண்டு வா. சண்டை போடுவதற்கு எனக்கு இப்போது வேறு ஆளும் இல்லை, அதனால் யாரோடும் சண்டை போட மாட்டேன்.

ஆனால் அம்மா சும்மா இருக்கவில்லை. நீ என்ன சொன்னாய் என்று மூன்று நாளாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இன்று மதியம் துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். அன்னைக்கு அவ அழுதுட்டு வந்து நின்னப்ப நான்தானே சொன்னேன், அவரைப் பகைச்சுக்காத, போய் மன்னிப்புக் கேட்டுட்டுப் பட்டத்தை வாங்கிக்கன்னு. அவ அவன் மேல கோவிச்சுக்கிட்டுப் போனாளா, என் மேல கோவிச்சுக்கிட்டுப் போனாளா?

எனக்கு அது புதுச் செய்தி. நீ சொன்னதே இல்லை, அவளும் சொன்னதே இல்லை. இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் தேடியது அவன் சாவை மட்டும்தானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவன் அந்த நாற்காலியில் இருந்தவரை அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. மகள் வராததற்கு அவன் காரணம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காரணத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டோம்.

அவள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் அது நான் சொல்லக்கூடியது இல்லை. நீ வந்து சொல். அவன் மேல்தான் என்று சொன்னாலும் சரி, உன் மேல்தான் அம்மா என்று சொன்னாலும் சரி, எதுவாக இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இரு. வந்துவிட்டுப் போய் நன்றாக இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா